நீர்நாய் பார்க்க 5,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரியில் நீர்நாய்க் கூட்டம் இருக்கிறதாம். ஒருவர் பரிசலில் கூட்டிப்போய்க் கட்டாயம் காட்டுவதாகவும், வனத்துறை அனுமதியைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லி 5,000 ரூபாய் கேட்கிறார். என்னிடம் 300 எம்.எம். லென்ஸ்தான் இருக்கிறது. போகலாமா?

பதில்: லென்ஸ் கிடக்கட்டும். அந்தக் ‘கட்டாயம்’தான் எனக்கு உறுத்துகிறது. காட்டு விலங்கைக் கட்டாயம் காட்டுகிறேன் என்றால், ஆள் மீன் வீசிப் பழக்கியிருப்பார். இல்லையென்றால் குட்டிகள் இருக்கும் வளைக்கு நேராகப் பரிசலை விடுவார். உங்களுக்குப் படம் கிடைத்துவிடும். ஆனால் மீனுக்குப் பழகிய நீர்நாய், வலை கிழிந்த ஆத்திரத்தில் வரும் மீனவரின் பரிசலையும் அதே நம்பிக்கையோடு நெருங்கும்.

அனுமதி விஷயம் இதைவிட மோசம். நீங்கள் சொல்லும் இடத்தில் காவிரியை ஒட்டிய காட்டில் பெரும்பகுதி 2022-ல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயம். எதிர்க்கரை கர்நாடகத்தின் காவேரி சரணாலயம். பரிசல் அந்தப் பக்கம் ஒதுங்கினால் வேறு மாநிலம், வேறு வழக்கு. உங்கள் பெயரும் தேதியும் இடமும் போட்ட வனத்துறைக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அநேகமாகச் சுற்றுலாப் பரிசல் சீட்டைத்தான் நீட்டுவார்.

முறையாக மனுப் போட்டால் கிடைக்குமா? கிடைக்கும், அதற்குள் செருப்பு தேயாமல் இருந்தால். ஓர் அலுவலகத்தில் என் மனு மூன்று மாதம் தூங்கியது. கடிதம் கைக்கு வந்த வாரம் ஆற்றில் வெள்ளம். நேர்வழியில் வருகிறவனை இப்படி அலையவிட்டால் தரகர் பிழைக்காமல் என்ன செய்வார்?

ஒரு விலக்கு உண்டு. கீழே மேட்டூர் நீர்த்தேக்கம் பக்கம் போனால் ஊர்க்கரைகள் வரும். படித்துறை, பாலம், பட்டா நிலத்து ஓரம் என்று சரணாலயத்துக்கும் காப்புக்காட்டுக்கும் வெளியே நின்று எடுத்தால் சரணாலய அனுமதி தேவையில்லை. எதிரே தெரிவது காடாக இருந்தாலும் சரி, நீங்கள் நிற்கும் இடம்தான் கணக்கு. பட்டா நிலம் என்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘அந்தப் பாறை வரை போய்வருகிறேன்’ என்று இறங்கினால் மட்டும் கணக்கு மாறலாம். எல்லைக்கல் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அதனால் வனக்காவலரிடம் ‘இங்கே உட்காரலாமா?’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம்.

சரி, எங்கே உட்காருவது? நீர்நாய்கள் ஒரே பாறையில் திரும்பத் திரும்ப எச்சமிடும். குனிந்து பாருங்கள்: மீன் செதில், முள், நண்டு ஓட்டுத் துண்டு. வெளுத்து உதிர்ந்தால் பழசு. கறுத்து, பிசுபிசுவென்று, மீன் வாடை மூக்கில் ஏறினால் நேற்று ராத்திரியோ இன்று காலையோ வந்து போயிருக்கின்றன. அந்தப் பாறைக்கு எதிரே, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் இடமாகப் பார்த்து, வெளிச்சம் வருவதற்குள் உட்கார்ந்துவிடுங்கள். கோடையில் நீர் வடிந்து மடுக்களில் மீன் சேரும்போது வாய்ப்பு கூடும். மூன்று விடியலாவது ஒதுக்குங்கள். நீரிலிருந்து கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்து மூச்சைச் சீறினால், நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். மெதுவாகப் பின்வாங்குங்கள்.

300 எம்.எம். போதும், சுற்றிலும் தண்ணீர் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறைய வேண்டாம். மினுங்கும் தண்ணீரைப் பார்த்து கேமரா ஏமாறும். படத்தில் நீர்நாயின் ஈர முடி கரிக்கட்டியாக விழும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீர்மட்டத்தில் படுத்து எடுத்தால்தான் படம் அழகு என்று யூடியூபில் சொல்லுவார்கள். அழகுதான். ஆனால் இந்த ஆற்றில் முதலை இருக்கிறது. மேட்டுப் பாறையில் உட்கார்ந்தே எடுங்கள்.