எந்த ஸ்டிக் உங்கள் கைக்குச் சரி? டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கான கேள்வி பதில்

காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் டிரம்ஸ் வாசிப்பவர்கள், புதிதாகக் கற்பவர்கள் ஸ்டிக் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். நான் எப்போதும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அடித்த ஸ்டிக் தானாகத் துள்ளி எழுகிறதா? எழுந்தால் கை களைக்காது, சத்தமும் திறந்து வரும்.

கேள்வி (காரைக்குடி, ஒரு தாய்): மாஸ்டர், மகளுக்கு 9 வயது. டிரம்ஸ் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். கடையில் ஸ்டிக் அளவு 7ஏ வேண்டுமா, 5ஏ வேண்டுமா, 5பி வேண்டுமா என்று கேட்கிறார்கள். எதை வாங்குவது?

7ஏ வாங்குங்கள் அம்மா. எண் குறையக் குறையத் தடிமன் கூடும். விக் ஃபர்த் கம்பெனி அளவுப்படி 7ஏ ஏறக்குறைய 13.7 மி.மீ., 5ஏ 14.4, 5பி 15.1, 2பி 16 மி.மீ. தடிமன். மற்ற கம்பெனிகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஏ என்ற எழுத்து ஆர்கெஸ்ட்ராவையும், பி என்பது சத்தம் கூடுதலாக வேண்டிய பேண்டையும் குறித்து வந்தது. அதனால்தான் ஒரே எண்ணில் ஏ மெல்லியது, பி தடித்தது.

7ஏ அரை அங்குலம் நீளமும் குறைவு. சின்னக் கைக்கு அது வசதி. கை வளர்ந்ததும் 5ஏ-க்கு மாற்றிவிடுங்கள். வளர்ந்த கையில் மிக மெல்லிய ஸ்டிக் இருந்தால் விரல்கள் தேவைக்கு மேல் இறுக ஆரம்பிக்கும்.

கேள்வி (தேவகோட்டை, லைட் மியூசிக் குழு): அண்ணே, மாசி பங்குனி வந்துவிட்டால் கோயில் கச்சேரி தொடர்ந்து இருக்கும். 5ஏ ஸ்டிக் சீக்கிரம் சீக்கிரம் உடைகிறது. 2பி-க்குப் போய்விடலாமா?

போவதற்கு முன் உடைந்த ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள் தம்பி. எங்கே உடைந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

நுனியை நோக்கி மெலியத் தொடங்கும் கழுத்துப் பகுதி கரும்பை மென்ற மாதிரி இருக்கிறதா? அப்படியானால் ஓங்கி அடிக்கும் உலோகத் தட்டான கிராஷ் சிம்பலின் விளிம்பில் நேராக வெட்டுகிறீர்கள். சற்றுச் சாய்த்து, பக்கவாட்டில் வழித்தபடி அடியுங்கள். சிம்பல் ஸ்டாண்டின் திருகையும் பாருங்கள். ரொம்ப இறுக்கியிருந்தால் சிம்பல் ஆட முடியாமல் அதிர்ச்சி முழுக்க ஸ்டிக்குக்கும் சிம்பலுக்குமே போகும். இரண்டும் சீக்கிரம் போய்விடும்.

நடுப்பகுதி சிராய்ந்து உடைந்தால் அது ரிம் ஷாட்டின், அதாவது தோலையும் வளையத்தையும் சேர்த்து அடிப்பதன் வேலை. இரும்பு வளையத்தில் மரம் மோதினால் தேயத்தான் செய்யும். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், கைவசம் கூடுதல் ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவிழா மேடையில் பெரும்பாலானவர்கள் ஓங்கி அடிப்பதற்குக் காரணம், பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவில் தான் வாசிப்பது தனக்கே கேட்காததுதான். மைக் செட்காரரிடம் கேட்டு உங்கள் பக்கம் ஒரு மானிட்டர் (நீங்கள் வாசிப்பதை உங்களுக்கே கேட்கவைக்கும் ஸ்பீக்கர்) வைக்கச் சொல்லுங்கள். ஜனங்களுக்குச் சத்தத்தைக் கொண்டுபோக மைக் இருக்கிறது, அந்த வேலையை உங்கள் தோள்பட்டை செய்ய வேண்டியதில்லை. இவ்வளவும் செய்த பிறகும் கனம் போதவில்லை என்று தோன்றினால் 5பி எடுங்கள். 2பி-யை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் குத்துப்பாட்டு வாசித்தால் கடைசிப் பாட்டுகளில் கை பின்தங்கும். அந்தப் பாட்டுகளுக்குத்தான் கூட்டமே எழுந்து ஆடும்.

கேள்வி (புதுவயல், கல்லூரி மாணவர்): ஸ்டிக் செய்யும் மரங்களில் ஹிக்கரி, மேப்பிள், ஓக். எது உசத்தி?

உசத்தி தாழ்த்தி இல்லை. ஹிக்கரி அதிர்ச்சியை நன்றாக வாங்கிக்கொள்ளும், அதனால்தான் அதிகம் புழங்குகிறது. மேப்பிள் எடை குறைந்தது. தடிமன் வேண்டும், கனம் வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்றது, ஆனால் சீக்கிரம் தேயும். ஓக் கனமானது, நாள்பட உழைக்கும், அதிர்ச்சி கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். முதல் ஜோடி ஹிக்கரியாக இருக்கட்டும்.

கேள்வி (குன்றக்குடி, தவில் கற்பவர்): ஐயா, நான் தவில் படிக்கிறேன். இப்போது டிரம் செட்டும் ஆசையாக இருக்கிறது. தவில் குச்சி மாதிரி குட்டையாக, தடியாக ஸ்டிக் வாங்கலாமா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தவிலில் தொப்பிப் பக்கத்துக்குப் பூவரசங்குச்சி, வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள். அதனால் உங்கள் இடது கைக்குக் குச்சியின் கனம் தெரியும். வலது கைக்கு விரல் வேகம் தெரியும், குச்சி தெரியாது. டிரம் செட்டில் இரண்டு கையும் ஒரே எடையைத் தூக்கி, ஒரே மாதிரி விட வேண்டும்.

தடித்த ஸ்டிக் வாங்கினால் இடது கை பழைய வழக்கத்தில் அமுக்கி அடிக்கும், வலது கை திணறும். சாதாரண 5ஏ எடுங்கள். அடிப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாங்கட்டும், மற்ற விரல்கள் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பிராக்டிஸ் பேடில் (பழகுவதற்கான ரப்பர் தட்டில்) ஸ்டிக்கை ஒருமுறை விழவிட்டு, அது எத்தனை முறை தானாகத் துள்ளுகிறது என்று பாருங்கள். பிடியை அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தினால் அதிகம் துள்ளும் இடம் கிடைக்கும். அங்கே பிடியுங்கள். வலது கையை முதலில் பழக்குங்கள். தவிலில் வந்த லயம் எங்கேயும் போகாது, அது உங்களுக்குப் பெரிய பலம்.

கேள்வி (கானாடுகாத்தான்): பெரிய வீட்டு வளவில் கல்யாண வரவேற்பு. டிரம்ஸ் சத்தத்தில் பாடுகிறவர் குரலே கேட்கவில்லை என்கிறார்கள். மெதுவாக அடித்தும் சரிவரவில்லை.

மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கல் தூண். எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்புகிற பொருள்கள். சாதாரண ஸ்டிக்கை எவ்வளவு மெதுவாக அடித்தாலும் ஸ்னேர் டிரம்மின் (அடியில் கம்பிகள் கட்டிய, சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) முதல் தட்டு சுற்றிச் சுற்றி வரும். அங்கே மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட் எடுத்துப் போங்கள். மெல்லிசைப் பாட்டுக்கு, மெல்லிய கம்பிகள் விரிந்த பிரஷ் இன்னும் நல்லது. உயர்ந்த கூரையுள்ள சர்ச்சுகளில் வாசிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

கேள்வி (திருமயம்): நுனி மரமா, நைலானா?

நைலான் நுனியை 1958-இல் கொண்டுவந்தவர் ஜோ கலாட்டோ, ரீகல் டிப் கம்பெனியைத் தொடங்கியவர். மர நுனி பிசிறாகிப் போகிற தொல்லைக்கு அது தீர்வு. தாளத்தைத் தொடர்ந்து தட்டும் ரைடு சிம்பலில் நைலான் பளிச்சென்று, மரம் கொஞ்சம் மென்மையாகப் பேசும். நுனியின் வடிவத்தையும் பாருங்கள். உருண்டை நுனி எந்தக் கோணத்திலும் ஒரே தெளிவு தரும், பெரிய நுனி அகலமான சத்தம் தரும். எலக்ட்ரானிக் டிரம்ஸ் என்றால் பிசிறு வந்த மர நுனியை உடனே மாற்றுங்கள், அதில் தோலுக்குப் பதிலாக இருக்கும் வலைத் தலையைக் கிழித்துவிடும்.

கேள்வி (பள்ளத்தூர்): கட்டைவிரல் பக்கம் கொப்புளம். வேர்வையில் ஸ்டிக் வழுக்குகிறது.

வழுக்குவதால் இறுக்குகிறீர்கள், இறுக்குவதால் கொப்புளம். பளபளப்புப் பூச்சு இல்லாத ஸ்டிக் சிலருக்கு நன்றாகப் பிடிக்கும், சிலருக்குப் பூச்சுள்ளதே பிடிக்கும். இரண்டையும் தொட்டுப் பாருங்கள். பிடிப்பு டேப் சுற்றலாம். 5ஏ-யிலிருந்து 5பி-க்கு மாறினாலே பிடி தளர்வதையும் பார்த்திருக்கிறேன். விரல் மரத்துப்போனாலோ மணிக்கட்டு வலி தொடர்ந்தாலோ ஸ்டிக்கை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி (காரைக்குடி): கடையில் ஜோடியை எப்படிச் சோதிப்பது?

கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். நுனி துள்ளினால் வளைந்திருக்கிறது. பூக்கல் தரையில் உருட்டினால் இணைப்புகளில் தட்டி ஏமாற்றும். அப்புறம் மர ரேகை நீளவாக்கில் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள், குறுக்கே சாய்ந்து ஓடினால் அந்த இடத்தில் பிளக்கும். கடைசியாக இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் தட்டிக் கேளுங்கள். சுருதி வேறாக இருந்தால் ஸ்னேரிலும் ரைடிலும் இடது வலது வித்தியாசம் கேட்கும். முன்பு சொன்ன கம்பெனியைத் தொடங்கிய விக் ஃபர்த், பாஸ்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் டிம்பனி (பெரிய கிண்ண வடிவ டிரம்) வாசித்தவர். கிடைத்த ஸ்டிக்குகள் திருப்தி தராமல்தான் தானே செய்யத் தொடங்கினார். எடையும் சுருதியும் ஒத்த ஜோடி என்பது அவர் கம்பெனியின் அடையாளமே ஆனது. ஜோடி ஒத்துவரவில்லை என்றால் கடைக்காரரிடம் இன்னொரு ஜோடி கேளுங்கள், தயங்க வேண்டாம். வாங்கிய பிறகு வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.