சாவு வீட்டின் நேரம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘ஈ.ம.யௌ’ மலையாளப் படத்தை வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். ஒரு கிழவர் சாகிறார், மழை பெய்கிறது, ஆளாளுக்கு அழுகிறார்கள், கத்துகிறார்கள். பாதியிலேயே என் கணவர் எழுந்து படுக்கப் போய்விட்டார். விருது வாங்கியது என்பதற்காக இவ்வளவு மெதுவான படத்தை நல்ல படம் என்று சொல்லத்தான் வேண்டுமா?

சு., தஞ்சாவூர்

அன்புள்ள சு.,

வேண்டியதில்லை. 2018 கோவா திரைப்பட விழாவில் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி சிறந்த இயக்குநராகவும் செம்பன் வினோத் ஜோஸ் சிறந்த நடிகராகவும் தேர்வானார்கள். அதற்காக உங்களுக்குப் பிடிக்காத படம் பிடித்துவிடப் போவதில்லை. ஆனால் ‘மெதுவான படம்’ என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரு மாலையில் தொடங்கி மறுநாளோடு முடிகிற கதை. கொச்சிக்குத் தெற்கே செல்லானம் கடற்கரையில் ஒரு லத்தீன் கத்தோலிக்கக் குடும்பம். வாவச்சன் மேஸ்திரி கையில் ஒரு வாத்தோடு வீட்டுக்கு வருகிறார். மகன் ஈஷியோடு உட்கார்ந்து குடிக்கிறார். தன் அப்பாவின் சவ அடக்கம் எத்தனை விமரிசையாக நடந்தது என்று சொல்லி ஏங்குகிறார். உங்களுக்கு அதைவிடப் பெரிதாகச் செய்கிறேன் என்று மகன் வாக்குக் கொடுக்கிறான். அன்றிரவே அவர் விழுந்து இறந்துபோகிறார். அதன் பிறகு சவப்பெட்டிக்குப் பணம் புரட்ட வேண்டும். இது இயற்கையான சாவுதானா என்று யாரோ ஒருவன் கிளப்பிவிட்ட சந்தேகம் ஊரெல்லாம் பரவுகிறது. பங்குச் சாமியார் விசாரிக்கிறார். இறந்தவரின் இன்னொரு குடும்பம் வாசலில் வந்து நிற்கிறது. இத்தனையும் இரண்டு மணி நேரத்துக்குள். சம்பவங்களுக்குப் பஞ்சமே இல்லை. நம்மைப் பொறுமை இழக்கவைப்பது காத்திருப்பு. பிணம் நடுவீட்டில் கிடக்கிறது, எடுக்க முடியவில்லை. சாவு வீட்டில் இருப்பவர்களின் நேரம் அப்படித்தான் போகும்.

பௌளி வல்சன் நடித்த பெண்ணம்மாவை இன்னொரு முறை கவனியுங்கள். கணவன் வாவச்சனின் உடலருகே உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள். யாராவது உள்ளே நுழைந்தால் குரல் ஏறுகிறது. வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் அந்த ராகத்திலேயே செத்தவரிடம் சொல்லிவிடுகிறாள். சிரிப்பு வருகிறது, ஆனாலும் அந்த அழுகையில் பொய் இல்லை. என் அப்பா இறந்த இரவில் அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் சட்டென்று நிறுத்தி, “காபிக்குப் பால் போதுமாடி?” என்று சமையலறைப் பக்கம் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதாள். பல வருடங்கள் அதை நான் நடிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்ணம்மாவைப் பார்த்த பிறகுதான் அத்தையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொன்று. வாவச்சன் சாவதற்கு முன் அடிவைத்து ஆடுகிறாரே, அது சவிட்டு நாடகம். கேரளக் கடலோரக் கிறிஸ்தவர்களின் கலை. அதன் பழைய பாட்டுகள் தமிழ் கலந்த மொழியில் அமைந்தவை. சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் கற்றுக்கொடுத்தது என்று மரபாகச் சொல்வார்கள். அந்தக் கிழவரின் காலடியில் நம் மொழியும் கொஞ்சம் கிடக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

குறை இல்லாமல் இல்லை. திரைக்கதையாசிரியர் பி.எஃப். மாத்யூஸ் மற்ற எல்லோரையும் கனிவோடு எழுதியிருக்கிறார்; அந்தச் சாமியாரை மட்டும் துப்பறிகிற பிடிவாதக்காரராகவே விட்டுவிட்டார். அவருக்கும் ஒரு பயமோ தயக்கமோ இருந்திருந்தால், கல்லறைத் தோட்டத்தில் அவர் இடம் மறுப்பது இன்னும் அதிகமாக வலித்திருக்கும்.

படத்தின் பெயரே ‘ஈசோ மரியம் யௌசேப்பு’ என்பதன் சுருக்கம்தான். உயிர் பிரியும் நேரத்தில் காதில் ஓதுகிற பெயர்கள்.

உங்கள் கணவர் எந்த இடத்தில் எழுந்து போனார் என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டி உடைவதற்கு முன்பே என்றால், ஈஷி தன் வீட்டு முற்றத்திலேயே அப்பாவுக்குக் குழி வெட்டுவதை அவர் பார்த்திருக்க மாட்டார். பெரிய சவ அடக்கத்துக்கு வாக்குக் கொடுத்த மகன் அவன். அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டுமாவது அவரை உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.