சிஸ்டம் ஃபோல்டர்களை ஸ்கிரிப்டில் அழிக்கப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சிறிய கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். 18 கம்ப்யூட்டர்கள், எல்லாம் 128 ஜிபி எஸ்எஸ்டி, ஒரே சர்வரின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. விண்டோஸ் 11-க்கு மாறியதிலிருந்து சி டிரைவில் இடமே இல்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருப்பவர், "சர்வரிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் (வரிசையாக எழுதிய கட்டளைகள்) ஓட்டினால் போதும், வேண்டாத சிஸ்டம் ஃபோல்டர்கள் எல்லா மெஷினிலும் ஒரே ராத்திரியில் போய்விடும்" என்று தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: எந்தெந்த ஃபோல்டர் என்று எழுதிக் கொடுக்கும்வரை கொடுக்காதீர்கள்.

இடத்தை அடைத்திருப்பது பெரும்பாலும் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர்தான். புதியது ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்ப வசதியாக எடுத்து வைக்கப்பட்ட முந்தைய விண்டோஸ் அது. வழக்கமாக 10 நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும். அதன் பிறகும் இருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை டிக் செய்து நீக்கலாம். செலவே இல்லை. 18 மெஷினிலும் உட்கார்ந்து செய்ய நேரமில்லையா? சரி, ஸ்கிரிப்ட் ஓட்டட்டும். ஆனால் அது விண்டோஸின் சொந்த டிஸ்க் க்ளீனப்பை இயக்கும் ஸ்கிரிப்டாக இருக்க வேண்டும்.

நான் பயப்படுவது 'ஆர்டி /எஸ் /க்யூ' வகைக்குத்தான். ஆர்டி ஃபோல்டரை அழிக்கும் கட்டளை. /எஸ் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போகும். /க்யூ போட்டால் 'அழிக்கட்டுமா' என்றுகூடக் கேட்காது. ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் இருக்காது. சர்வர் வழியாக ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டாக அனுப்பினால், யாரும் லாகின் செய்வதற்கு முன்பே சிஸ்டம் கணக்கின் முழு அதிகாரத்தோடு ஓடும். ஒரு எழுத்து தவறினாலும் காலையில் 18 மெஷினும் படுத்திருக்கும். கட்டளையில் ஃபோல்டர் பெயர் வரவேண்டிய இடம் காலியாகிவிட்டால் இன்னும் மோசம், அந்த ஃபோல்டரோடு நிற்காமல் டிஸ்க்கில் உள்ள மற்றதையும் அழிக்கப் போய்விடும். 2015 ஜனவரியில் லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்றில் இந்தக் கோளாறு வெளிவந்தது. ஒரு பயனருக்கு, வெளியே செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கில் இருந்தவையும் சேர்ந்தே அழிந்தன.

அவர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் வின்எஸ்எக்ஸ்எஸ் (விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஃபோல்டர்) இருந்தால் உடனே மறுத்துவிடுங்கள். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் கணக்காவதால் அது உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். அதைக் குறைக்க டிஸம் என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. கையால் அழித்தால் விண்டோஸ் கிளம்பாமலே போகலாம்.

அப்புறம், முழு பேக்கப் எடுத்துவிட்டு முதலில் ஒரே ஒரு மெஷினில் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் வகுப்பு நடக்கட்டும். கெட்டுப்போனால் தன் செலவில் விண்டோஸ் போட்டுத் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு, வேலை முடிந்த பிறகு பணம் கொடுங்கள். இந்த வேலை ஆண்டு ஒப்பந்தத்திலேயே அடங்குமா என்று அந்தக் காகிதத்தையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: வீட்டு லேப்டாப்பைச் 'சுத்தம்' செய்யக் கடையில் கொடுத்தேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்த இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரைக் காலி செய்திருக்கிறார்கள். இப்போது பல மென்பொருள்கள் அப்டேட் ஆகவும் மாட்டேன் என்கின்றன, நீக்கவும் முடியவில்லை. இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து காப்பி செய்யலாமா?

பதில்: முடியாது. அந்தக் கோப்புகள் மெஷினுக்கு மெஷின் வேறு. பழைய பேக்கப் இருந்தால் அதிலிருந்து மீட்கலாம். இல்லையென்றால் அந்த மென்பொருள்களையோ விண்டோஸையோ மறுபடி நிறுவ வேண்டியதுதான். அந்தச் செலவைக் கடைதான் ஏற்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இது சேவைக் குறைபாடு. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக்காகக் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. பில்லையும், திரையில் வரும் பிழைச் செய்தியின் போட்டோவையும் பத்திரமாக வைத்திருங்கள்.