விண்டோஸ் 11-க்கு மாறினால் பழைய மென்பொருள் ஓடுமா?

கேள்வி: விண்டோஸ் 10 கணினியில், 2007-ல் வாங்கிய கணக்கு மென்பொருளை இன்றும் பயன்படுத்துகிறேன். உரிமத்தைச் சரிபார்க்கும் யுஎஸ்பி டாங்கிள் என்ற சிறு கருவியைச் செருகினால்தான் அது திறக்கும். அதைத் தயாரித்த நிறுவனம் இப்போது இல்லை. பழைய ஸ்கேனர் ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 11 போட்டால் இவையெல்லாம் ஓடுமா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: வழி உண்டு. முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பகுதிக்குப் போய் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் படியுங்கள். 64 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில், மிகப் பழைய வகையான 16 பிட் புரோகிராம்கள் ஓடாது. 32 பிட் புரோகிராம்கள் ஓடும். உங்கள் மென்பொருள் இன்றைக்கே 64 பிட் விண்டோஸ் 10-ல் ஓடுகிறது என்றால், அது 16 பிட் இல்லை என்பது உறுதி. விண்டோஸ் 11-ம் உள்ளுக்குள் தன் பதிப்பு எண்ணை 10.0 என்றுதான் சொல்கிறது. அதனால் பதிப்பைப் பார்த்து மறுக்கும் பழைய புரோகிராம்கூட இங்கே பெரும்பாலும் தகராறு செய்யாது.

32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் கதை வேறு. அதிலிருந்து நேரடியாக அப்கிரேட் செய்ய முடியாது. புதிதாக நிறுவ வேண்டும், எல்லா மென்பொருளையும் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். அந்தக் காலத்து மென்பொருள்களில் புரோகிராம் 32 பிட்டாக இருந்தும் அதன் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருப்பதுண்டு. சிடி இருந்தும் இன்ஸ்டால் ஆகாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே நேரடி அப்கிரேடுக்கு வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பழைய மென்பொருளுக்கு அதுதான் பாதுகாப்பு.

அடுத்தது டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள். என் கருத்தில் உண்மையான ஆபத்து புரோகிராமில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. டாங்கிளும் ஸ்கேனரும் விண்டோஸின் மையப் பகுதியான கருவுக்குள் (கெர்னல்) இயங்கும் டிரைவர்களை நம்பியிருக்கலாம். அங்கே 32 பிட் டிரைவருக்கு இடமே இல்லை. 64 பிட் டிரைவராக இருந்தாலும் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு அம்சம் சில பழைய டிரைவர்களைத் தடுத்துவிடும். விண்டோஸ் 10-லேயே இதைச் சோதிக்கலாம்: விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போய் மெமரி இன்டெக்ரிட்டியை ஆன் செய்யப் பாருங்கள். ஒத்துவராத டிரைவர் இருந்தால் ஆன் ஆகாமல் அதன் பெயரைப் பட்டியலிடும். பட்டியலில் டாங்கிளின் டிரைவர் வந்தால், டாங்கிளைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புதிய டிரைவரைத் தேடுங்கள். கணக்கு மென்பொருள் நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் டாங்கிள் நிறுவனம் வேறாக இருக்கலாம். வலது கிளிக்கில் வரும் கம்பாட்டிபிலிட்டி மோட் டிரைவர் சிக்கலைத் தீர்க்காது. அது புரோகிராமுக்கு மட்டும் பழைய சூழலைப் போலக் காட்டும்.

கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் 'எல்லாம் சரி' என்று சொல்வதை நம்பி இறங்காதீர்கள். அது பார்ப்பது பிராசஸர், டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) போன்ற வன்பொருளை மட்டுமே.

இப்போது தரவு. பலர் கோட்டைவிடுவது இதில்தான். பழைய புரோகிராம் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே தன் கோப்புகளை எழுத நினைக்கும். விண்டோஸ் அதை அனுமதிக்காமல், சத்தமில்லாமல் வேறொரு இடத்துக்குத் திருப்பிவிடும். யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும். உங்கள் மென்பொருளின் பெயரில் அங்கே ஃபோல்டர் இருந்தால் அண்மைக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கும். புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் பேக்கப் எடுத்தால் பழைய கோப்புதான் மிஞ்சும். மாறிய பிறகு 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தாலும் இந்தத் திருப்பல் நடக்காது. திரையில் பழைய கணக்கு வந்து நிற்கும். பதறிப்போய் புதிதாக எதையும் பதியாதீர்கள். மூடிவிட்டு, சாதாரணமாகத் திறங்கள்.

டாட்நெட் 3.5 (சில பழைய புரோகிராம்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள்) தேவைப்படும் மென்பொருள் என்றால், விண்டோஸ் 11-ன் பெரும்பாலான பதிப்புகளில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பெட்டியில் அதை டிக் செய்தால் போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும், நிஜமாக ஓட்டிப் பார்ப்பதற்கு இணை எதுவுமில்லை. இன்னொரு எஸ்எஸ்டியில் இப்போதைய டிஸ்கை அப்படியே குளோன் செய்து, அசலைக் கழற்றி வைத்துவிட்டு, குளோனில் அப்கிரேட் செய்யுங்கள். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளிலும் சோதிக்கலாம், ஆனால் டாங்கிளும் ஸ்கேனரும் உண்மையான கணினியில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் முழுதாகத் தெரியாது. புரோகிராம் திறந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு பில்லை அச்சிடுங்கள், அறிக்கையை எக்செலுக்கு அனுப்புங்கள், பேக்கப் எடுத்து அதையே மீட்டுப் பாருங்கள், ஸ்கேனரில் ஒரு தாளை ஓட்டுங்கள், டாங்கிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள், கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

குளோன் செய்ய வசதி இல்லாவிட்டால், முழு டிஸ்க் இமேஜ் பேக்கப்பை வெளி டிஸ்கில் எடுத்த பிறகே அப்கிரேட் செய்யுங்கள். அப்கிரேட் ஆன 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, 'கோ பேக்' வழியாக விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். இடம் போதவில்லை என்று, பழைய விண்டோஸைச் சேமித்து வைத்திருக்கும் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' ஃபோல்டரை அழித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே சோதனையை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

டாங்கிள் கடைசிவரை ஒத்துவரவில்லை என்றால், விண்டோஸ் 10-ஐ இணைய இணைப்பு இல்லாத ஒரு தனிக் கணினியில் வைத்துக் கணக்கை மட்டும் அதில் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் மின்னஞ்சலோ வங்கி வேலையோ வேண்டாம். பென்டிரைவைக்கூட வைரஸ் சோதனை செய்த பிறகே செருகுங்கள்.