ஒண்ணுமில்ல, நைனா

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 28. சென்னை கொருக்குப்பேட்டை. ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பில் போடுகிறேன். காது கேட்பவர்களோடு ஒரு நாளை ஓட்டுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டே பேசுகிறார்கள். 'எனக்குக் காது கேட்காது' என்று எழுதிக் காட்டினால், 'இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க' என்று பதில் எழுதித் தருகிறார்கள். பள்ளியில் கையால் பேசினால் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்வார்கள். போன மாதம் ஓர் ஆபீஸில் செக்யூரிட்டி சொன்னதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, சென்னையில் வேறொரு பகுதியான பாடி வரைக்கும் போய்விட்டேன். அவர் சொன்னது 'மாடி'. அதை விடுங்கள், ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் பல நேரம் புரிந்த மாதிரி தலையாட்டிவிடுகிறேன்.

எங்கள் மௌன உலகத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சைகையில் பேசுவதை மேற்கோள் குறிக்குள் போடலாமா, சாய்வெழுத்தில் போடவேண்டுமா? தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

மேற்கோள் குறிக்குள்ளேயே போடுங்கள். இந்தியச் சைகை மொழியில் 'என்ன', 'எங்கே' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வரும், கேள்வியைப் புருவமும் சேர்ந்து கேட்கும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். அது பேச்சு. மற்றவர்கள் பேச்சை எப்படிப் போடுவோமோ அப்படியே போடவேண்டியதுதான். உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். கடிதத்தை மூன்று நாள் மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு.

பேங்க் விஷயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது, நல்ல சட்டம். கண்ணாடிக்குப் பின்னால் குனிந்திருப்பவரிடம் அதைப் படித்துக் காட்டினால் அவர் அதையும் குனிந்தபடியே கேட்பார். விடுங்கள்.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 'மௌன உலகம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் சொல்லா? காது நன்றாகக் கேட்கிறவர்கள் உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு எழுதிய சொல் அது. கதையில் அது இருந்தால் அடித்துவிடுங்கள்.

என் நைனா பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் எவர்சில்வர் பட்டறையில் முப்பத்தோரு வருடம் பிரஸ் ஓட்டினார். தகடு உள்ளே போகும், கிண்ணமாக வெளியே வரும். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம் ஆடும். நாற்பது வயதில் மந்தம், ஐம்பதில் ஏறக்குறைய முழுதாகவே போய்விட்டது. தெருவில் அவர் பெயர் டமாரம். அவர் காதுக்குள் ஒரு நாளும் மௌனம் இருந்ததில்லை. "உள்ள பிரஸ் ஓடிக்கினே கீது" என்பார். பட்டறை லீவு நாளில்தான் அது இன்னும் பலமாக ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார்.

இரைச்சலில் காது போவது எப்படி என்று மிகவும் பிந்தித்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். உள்காதில் மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் சாவது உச்ச ஓசைகளைப் பிடிக்கிற செல்கள், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ச, த, ட மாதிரியான மெய்களின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அ, ஆ, ஓ எல்லாம் கீழே, அவை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. நாம் என்ன செய்கிறோம்? கத்துகிறோம். கத்தினால் பெரிதாவது அந்த ஆவும் ஓவும்தான், மெய் அதே இடத்தில் செத்துக் கிடக்கிறது. போதாததற்குக் கத்துகிறவன் வாய் கோணிக்கொள்கிறது, உதட்டிலும் ஒன்றும் தெரியாமல் போகிறது. "கேக்கலியேடா... இன்னாத்துக்குக் கூவுற, காது வலிக்குது!" என்று நைனா ஒரே மூச்சில் சொல்வார். நாங்கள் சிரிப்போம். இரண்டும் உண்மை என்று அப்போது தெரியாது. சின்னச் சத்தம் எட்டாது, கொஞ்சம் ஏற்றினால் வலிக்கும், நடுவில் இடமே இருக்காது. அது அந்த நோயின் குணம்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தில், தொழிலால் வரும் நோய்களின் அட்டவணையில் இந்தச் செவிட்டுத்தனமும் இருந்தது. ஆனால் கரண்டில் ஓடும் இடமென்றால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. நைனாவின் பட்டறையில் ஏழு பேர்.

அந்த ஏழு பேரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். பிரஸ் ஓடும்போது வேறு வழி இல்லை. கட்டைவிரலை வாய்க்குச் சாய்த்தால் டீ. வயிற்றைத் தடவினால் முதலாளி வருகிறார். இரண்டு விரலைத் தேய்த்துவிட்டுக் கையை விரித்தால் இந்த வாரமும் கூலி பாக்கி. இது உங்கள் சைகை மொழி இல்லை, தெரியும். ஆனால் காது போன பிறகு வீட்டில் அவருக்கு மிச்சமிருந்தது அந்த முப்பது நாற்பது சைகைகள்தான். அம்மா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். நானும் அக்காவும் கற்றுக்கொள்ளவில்லை. எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போவார். அங்கே ஒரு மீன்கார அக்கா. ஏலச் சத்தத்தில் யாருக்குமே எதுவும் கேட்காது என்பதால், விலையை விரலில் சொல்வது அவருக்குப் பழக்கம். விலை சொன்ன கையோடு, மருமகன் குடித்துவிட்டு வந்து பாயைக் கொளுத்தியது, சம்பந்தியம்மா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டது எல்லாம் கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டிவிடுவார். நைனா காரப்பொடி மீனும் சங்கராவும் கொண்டுவருவார், கூடவே ஊர்க்கதை. அன்று மட்டும் எங்கள் வீட்டில் முதலில் பேசுகிறவர் அவர்தான். தடைக்காலம் வந்தால் அந்த அக்கா கடை போடமாட்டார். நைனா முகம் தொங்கிவிடும். மீன் இல்லாததால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, உங்கள் பள்ளிக்கு வருகிறேன். 1880ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடி, இனி வகுப்பில் வாய்ப்பேச்சுதான், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நூற்றறுபதுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அது தப்பு என்று அதே மாநாட்டு வரிசையில் வருத்தம் தெரிவித்தது 2010ல், வான்கூவரில். நூற்று முப்பது வருடம்! உங்கள் டீச்சரை மட்டும் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அந்தத் தீர்மானத்தை நானும் நிறைவேற்றியிருக்கிறேன்.

1994ல் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள், பெரம்பூரிலிருந்து. காலையிலேயே நைனாவிடம் போய், இரண்டு கையையும் பிடித்து மடியில் வைத்து, "இப்படியே இரு, கையை ஆட்டாதே" என்று ஜாடை காட்டினேன். கையை ஆட்டாதே என்பதைக் கையை ஆட்டித்தான் சொன்னேன். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரிக்கும்போது அரை நொடி தள்ளிச் சிரித்தார். மாப்பிள்ளையின் மாமா அவர் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி எடுத்துக் குடுத்துடுவீங்க இல்ல?" என்றார். நைனா அழகாகச் சிரித்துத் தலையாட்டினார். கூடத்தில் ஒரே மகிழ்ச்சி. அம்மா உள்ளே போய்விட்டார்.

நீங்கள் தலையாட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு தலையாட்டலின் விலை முப்பது மாதத் தவணை, தம்பி. இனி ஆட்டாதீர்கள். "புரியவில்லை, இன்னொரு தடவை" என்று எழுதிக் காட்டுங்கள். எதிரில் இருப்பவன் சலித்துக்கொள்வான். சலித்துக்கொள்ளட்டும், அவன் வாய் என்ன தேய்ந்தா போகும்? மன்னிப்பும் கேட்காதீர்கள். கடிதத்தின் கடைசி வரியில் ஒரு மன்னிப்பு வைத்திருக்கிறீர்கள், எதற்கு?

அவர்கள் கிளம்பிப் போனதும் நைனா என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டார்: "இன்னாடா, அல்லாரும் திடீர்னு சிரிச்சாங்க?"

"ஒண்ணுமில்ல, நைனா."

மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாத சொல் இதுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்போம்! சாப்பிடும்போது யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறோம், அவர் கையைப் பாதியில் நிறுத்தி 'இன்னா' என்கிறார், நாங்கள் 'ஒண்ணுமில்ல, சாப்பிடு' என்கிறோம். உண்மையிலேயே ஒன்றுமில்லைதான். யாரோ ஒருத்தர் யாரையோ கிண்டல் செய்திருப்பார், திரும்பச் சொல்ல அது தாங்காது. ஆனால் வீடு என்பது அந்த ஒன்றுமில்லாததுதானே? கருவாட்டு விலை, எதிர்வீட்டுச் சண்டை, தம்பி மாதிரியே நடந்து காட்டுவது. இதில் எது சொல்லத் தக்கது, எது தகாது என்று தீர்மானிக்கிற மேஸ்திரியாக எங்களை யார் வைத்தது? முக்கியமானதை எல்லாம் தவறாமல் சொன்னோம். எழுதியும் காட்டினோம். 'பெரிய மாமா தவறிட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு மூலக்கொத்தளம் சுடுகாடு.' மாமா கடைசியாகக் காபி கேட்டார், பாதி குடித்துவிட்டு 'சர்க்கரை பத்தல' என்றார் என்பதை அந்தக் கூடத்தில் இருந்த நாற்பது பேரும் நாற்பது தடவை சொல்லிக்கொண்டார்கள். நைனா காதில், அதாவது நைனா கண்ணில், யாரும் போடவில்லை. அவருக்கு எல்லாமே தந்தியாகத்தான் போனது. இந்தியாவில் தந்தியை 2013ல் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஓடியது, அவர் இருந்தவரைக்கும்.

வண்டித் தவணையை அவர்தான் கட்டினார். தானே ஒப்புக்கொண்டது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. "பேராசைக்காரனுங்க" என்று சம்பந்தி வீட்டைச் சாகும்வரை திட்டினார். பேராசைக்காரர்கள்தான், அது வேறு விஷயம்.

பாடிக்கும் மாடிக்கும் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பகரமும் மகரமும் மேலுதடும் கீழுதடும் ஒட்டப் பிறப்பவை என்று பள்ளியில் தமிழ் ஐயா சொல்லித்தந்தார். மகரத்துக்கு மூச்சு மூக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதை எந்தக் கண் பார்க்கும்? மழை பழையாகும், படம் மடமாகும். ண, ள, ழ எல்லாம் நாக்கு உள்ளே மடிந்து செய்கிற வேலை, வெளியே ஒரு தடயமும் இல்லை. செக்யூரிட்டி ஒரு விரலை மேலே காட்டியிருந்தால் முடிந்தது. கொருக்குப்பேட்டையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் காட்டும்.

ஆனால் உங்கள்மேல் இன்னொரு வழக்கு இருக்கிறது. 'பாடி வரைக்கும் போய்விட்டேன். அதை விடுங்கள், ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் எனக்குத் தந்தி அடித்துவிட்டீர்களே! எதில் போனீர்கள், பஸ்ஸா ஷேர் ஆட்டோவா? நல்ல வெயிலா? பாடியில் இறங்கி யாரிடம் கேட்டீர்கள், அந்த ஆள் எந்தப் பக்கம் கை காட்டினான்? மாடி என்று மண்டையில் உறைத்தது அங்கேயா, திரும்பி வருகிற வழியிலா? நீங்கள் வந்து சேர்ந்தபோது அதே செக்யூரிட்டி இருந்தாரா, ஷிஃப்ட் மாறிப் போயிருந்தாரா? இருந்தார் என்றால் அவரை என்ன சொன்னீர்கள், எந்தக் கையால் சொன்னீர்கள்? விடாமல் எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் பரவாயில்லை.