நின்றுபோன கார் கடிகாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அப்பா ஓட்டிய 1968ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் காரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறோம். மழைக்காலம் முழுவதும் ஷெட்டிலேயே நின்ற பிறகு, டேஷ்போர்டில் உள்ள கீன்ஸ்லே கடிகாரம் ஓடவில்லை. உள்ளிருப்பதை எடுத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தின் குவார்ட்ஸ் மெஷினைப் பொருத்தித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– வாசகர் ஒருவர், தக்கலை

பதில்: தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்தக் கடிகாரம் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நின்றிருக்கும்.

அக்காலத்துக் கார் கடிகாரங்கள் பலவும் மின்சாரத்தில் நேரடியாக ஓடுவதில்லை. உள்ளே ஒரு சிறிய ஸ்பிரிங்கும், இருபுறமும் ஆடி ஓட்டத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரமும் உண்டு. ஸ்பிரிங் இளகியதும் பாயிண்டுகள் எனப்படும் இரண்டு மின்தொடு முனைகள் ஒன்றையொன்று தொடும்; உடனே காயிலில் (கம்பிச்சுருளில்) மின்சாரம் பாய்ந்து, 'டக்' என்ற ஓசையோடு ஸ்பிரிங்குக்கு மீண்டும் சாவி கொடுத்துப் பாயிண்டுகளைப் பிரித்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கும் ஓசை அதுதான். பேட்டரி இறங்கிவிட்டால் காயிலுக்கு அந்த உதை கொடுக்கும் பலம் இருக்காது. பாயிண்டுகள் பிரியாமல் ஒட்டியே நிற்க, காயில் சூடேறிக்கொண்டே போகும். அது கருகிவிடக் கூடாது என்பதற்காகவே, குறைந்த வெப்பத்தில் உருகும் ஈயப்பற்று ஒன்றை ஃபியூஸ் போல உள்ளே வைத்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை, பின்னர் வடகிழக்குப் பருவமழை என்று நம் குமரி மாவட்டத்தில் மாதக்கணக்கில் காரை எடுக்காமல் வைத்திருப்போருக்கு, அந்தப் பற்று உருகி விடுபடுவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே.

கழற்றும்போது முதல் வேலையாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். சாவியை உருவினாலும் கடிகாரத்துக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். டேஷ்போர்டின் பின்புறம் கைவிட்டுப் பிடிப்பு நட்டுகளைக் கழற்றி, விளக்கு ஹோல்டரை நேராக இழுத்து, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று ஒரு படமும் எடுத்துக்கொண்டால் போதும். கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக வளையம்தான் பொறுமையைக் கேட்கும்: அதன் மடிப்பை மெல்லிய தகட்டால் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக நிமிர்த்த வேண்டும், ஒரே இடத்தில் நெம்பினால் வளையம் நெளிந்துவிடும், முகப்பிலும் கீறல் விழும்.

உள்ளே பாயிண்டுகள் கறுத்துக் குழி விழுந்திருக்கும். எஞ்சின் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்டிரிபியூட்டரின் சிபி பாயிண்டைத் (காண்டாக்ட் பிரேக்கர்) தேய்ப்பதுபோல இவற்றை அழுத்தித் தேய்க்காதீர்கள். மிக நைசான உப்புத்தாளால் லேசாக ஒற்றியெடுத்து, ஸ்பிரிட் தொட்ட தாளால் துடைத்தால் போதும். விடுபட்ட பற்றைத் திரும்ப வைக்கும்போது ரேடியோ கடையின் சாதாரண ஈயத்தைப் பயன்படுத்த வேண்டாம். அது உருக 180 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அதற்குள் காயிலே கருகிவிடலாம். குறைந்த வெப்பத்தில் உருகும் ஈயம் கேட்டு வாங்குங்கள்; பழைய சாவிக் கடிகாரங்களைப் பழுது பார்த்த வாட்ச் கடைக்காரர் யாரேனும் அருகில் இருந்தால், இந்த வேலையை அவர் கையில் ஒப்படைப்பதே நல்லது. டேஷ்போர்டில் பொருத்துமுன், நல்ல 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து ஒரு பகலும் இரவும் ஓடவிட்டுப் பாருங்கள். இனிமேல் காரை நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால், கடிகாரத்தின் ஒயரையாவது கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் பழைய காரின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லையா?
– வாசகர் ஒருவர், குளச்சல்

பதில்: இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் இருந்த இடத்தில் நிற்காமல் பரவும். வாட்ச் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, சக்கரங்களின் அச்சு சுழலும் குழிகளில் மட்டும் வையுங்கள். பேலன்ஸ் வீலின் மயிரிழை ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டால் அதன் சுருள்கள் ஒட்டிக்கொண்டு, கடிகாரம் தறிகெட்டு வேகமாக ஓடும். அதற்கும் முன்னால், கடற்காற்று படும் உங்கள் ஊரில், பின்புற ஒயர் முனைகளிலும் எர்த் இணைப்பிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுரண்டித் துடைத்த பிறகும் கடிகாரம் தாமதித்தால் மட்டும் உள்ளே கை வையுங்கள்.