ஒரு முட்டை, இரண்டு அம்மாக்கள்

அன்புள்ள ஐயா,

விலங்குகளிடமும் ஒருபால் உறவு உண்டு என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். பிள்ளை பெறாத உறவுக்கான ஜீன் (மரபணு) அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும்? இயற்கைத் தேர்வு அதை எப்போதோ கழித்துக்கட்டியிருக்க வேண்டாமா?

க.

அன்புள்ள க.,

நியாயமான கேள்வி. ஆனால் ஒருபால் உறவில் இருக்கும் விலங்குக்கு வாரிசே இருக்காது என்று நீங்களாகவே முடிவுகட்டிக்கொண்டீர்கள். அங்கேதான் சறுக்கல்.

ஹவாயின் ஓவாஹு தீவில், கயேனா முனையில், லேசான் ஆல்பட்ரோஸ் என்ற கடற்பறவை கூடு கட்டுகிறது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உயிரியலாளர் லிண்ட்சே யங் குழுவினர் டி.என்.ஏ. சோதனை செய்து 2008இல் வெளியிட்ட முடிவு என்னை உலுக்கிவிட்டது: ஜோடிகளில் 31 சதவீதம் பெண்ணும் பெண்ணும்! சில ஜோடிகள் பல ஆண்டுகளாகப் பிரியாதவை.

அங்கே ஆண்கள் குறைவு. இந்தப் பறவை வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும். சுமார் 65 நாள் அடைகாக்க வேண்டும். ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருக்க, மற்றது இரை தேடிக் கடலில் வெகுதூரம் போய்விடும். தனியாளால் ஆகிற காரியமே இல்லை. அதனால் துணை கிடைக்காத பெண், வேறொரு ஜோடியில் இருக்கும் ஆணோடு கூடிவிட்டு வந்து, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து கூட்டைக் காக்கிறது. ஆண்-பெண் ஜோடி அளவுக்குக் குஞ்சுகள் தேறுவதில்லை, சரி. ஆனால் சும்மா இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். இயற்கைத் தேர்வுக்கு அந்தக் கணக்குதான் முக்கியம், கூட்டில் கூட இருப்பது யார் என்பதல்ல.

அப்புறம், 'அந்த ஜீன்' என்கிறீர்களே, அப்படித் தனியாக ஒன்று கிடையாது. கிட்டத்தட்ட 5 லட்சம் மனிதர்களின் மரபணுத் தகவலை அலசி, ஒருபால் உறவு பற்றி 2019இல் வெளியான ஆய்வு கண்டது, மிகச் சிறிய விளைவுள்ள பல மரபணு வேறுபாடுகளைத்தான். அப்படிச் சிதறிக் கிடப்பதைக் களையெடுப்பது எளிதல்ல.

ஆனால் ஆல்பட்ரோஸ் விளக்கத்தை எல்லா உயிருக்கும் பொருத்திவிடாதீர்கள். வளர்ப்புச் செம்மறிக் கிடாய்களில் சுமார் 8 சதவீதம், பெட்டை ஆடு பக்கத்திலேயே நின்றாலும் இன்னொரு கிடாயைத்தான் நாடும். அங்கே பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்புடன்.